சேன்ட் எமிலியோன் பயணம்: எதை முதலில் பதிவு செய்வது, எதைக் கடைசிக்கு விடுவது

பிரான்சின் போர்தோ நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கும் ஒயின் கிராமம் சேன்ட் எமிலியோன். பாரிஸில் என் வீட்டுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் பலமுறை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். தனியாகப் போய்விட்டு வாடிய முகத்தோடு திரும்பியவர்களின் கதைகளையும் கேட்டிருக்கிறேன். கதைகள் வெவ்வேறு என்றாலும் தவறு ஒன்றுதான். முதலில் ஓட்டல், அடுத்து ரயில், மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசையில் திட்டம் போட்டிருப்பார்கள்.

இந்த ஊருக்கு அந்த வரிசை பொருந்தாது. முக்கியமான கதவுகள் நேரம் குறித்தவர்களுக்கே திறக்கும். ரயில்கள் குறைவு. உணவகச் சமையலறைகள் பிற்பகல் 2 மணிக்கு அடுப்பை அணைத்துவிடும். ஆகவே நம்மால் நகர்த்த முடியாத நேரங்களை முதலில் பிடித்துவிட்டு, மற்றவற்றை அவற்றைச் சுற்றி அடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. மாதத்தையும் கிழமையையும் முடிவு செய்யுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை; செப்டம்பருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு, கீழே சொல்கிறேன். கொடிகளில் இலை இருக்கும், நடக்கத் தோதான வெயில் இருக்கும், பெரும்பாலான இடங்கள் திறந்திருக்கும். ஜனவரியில் பல உணவகங்களும் கடைகளும் ஆண்டு விடுமுறையில் பூட்டியிருக்கும். கொடிகளும் மொட்டைக் குச்சிகளாக நிற்கும். ஆகஸ்டில் நெரிசல் அதிகம், சுண்ணாம்புக் கல் தெருக்களில் வெப்பம் முகத்தில் அடிக்கும்.

பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் காலங்கள் இரண்டு. ஒன்று ஏப்ரல். முந்தைய ஆண்டு அறுவடையின் ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே வணிகர்களும் விமர்சகர்களும் வந்து சுவைக்கும் வாரம் அந்த மாதத்தில் வரும். அப்போது பல தோட்டங்கள் பொதுப் பார்வையாளர்களை ஏற்பதில்லை. மற்றொன்று அறுவடைக் காலம். இங்கே முதன்மைத் திராட்சை மெர்லோ; அது பெரும்பாலும் செப்டம்பரில் பறிக்கப்படும். அடுத்ததான கபெர்னே ஃபிரான் அதற்குப் பிறகு பழுக்கும். அறுவடையைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாட்களில் தோட்டத்துக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சுற்றிக்காட்டும் நேரங்களைக் குறைத்துவிடுவார்கள். அறுவடைதான் வேண்டும் என்றால் மிக முன்னதாகவே எழுதிக் கேளுங்கள்.

கிழமையில் செவ்வாய் முதல் வெள்ளி வரை பாதுகாப்பானவை. ஞாயிற்றுக்கிழமை பல ஷாத்தோக்கள் மூடியிருக்கும், ரயிலும் குறையும். திங்கட்கிழமை சில உணவகங்களுக்கு விடுமுறை. மே 1 அன்று பிரான்சே கதவடைத்திருக்கும். அந்த நாளைத் தொடவே வேண்டாம்.

ஷாத்தோ என்றதும் கோட்டையையோ அரண்மனையையோ எதிர்பார்க்காதீர்கள். போர்தோ வட்டாரத்தில் சொந்தமாக ஒயின் தயாரிக்கும் தோட்டத்துக்கே அந்தப் பெயர். சில ஷாத்தோக்கள் சாதாரண ஓட்டு வீடும் ஒரு கொட்டகையும் மட்டுமே.

2. விசா தேவைப்படுபவர்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். அந்தக் கடைசி எல்லையை நம்பி இருக்காதீர்கள், நேர்காணல் தேதி கிடைப்பதற்கே வாரங்கள் ஆகலாம். மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ ஈடுசெய்யும் பயணக் காப்பீடும் கட்டாயம்.

விண்ணப்பத்தோடு தங்குமிடச் சான்று கேட்பார்கள். அதற்காகக் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். பணம் திரும்பாத அறையை எடுத்துவிட்டால், பிறகு தேவாலயத்துக்கோ தோட்டத்துக்கோ வேறு நாளில்தான் இடம் கிடைக்கிறது என்று தெரியும்போது கை கட்டப்பட்டுவிடும்.

3. பாறைத் தேவாலயத்துக்கு நேரம் பிடியுங்கள்

ஊரின் நடுவே, பாறையைக் குடைந்து செய்த பெரிய தேவாலயம் இருக்கிறது. நீளம் 38 மீட்டர், உயரம் 12 மீட்டர். கல்லை அடுக்கிக் கட்டியதல்ல. உள்ளிருந்த கல்லை வெட்டி வெளியே எடுத்ததால் உண்டான வெளி அது. மகாபலிபுரத்து மண்டபங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த முறை உடனே விளங்கும்.

இதற்குள் நீங்களாக நுழைய முடியாது. சுற்றுலா அலுவலகத்தின் வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில், சிறு குழுவாகத்தான் போகலாம். பிரெஞ்சு மொழிச் சுற்றுகள் அதிகம், ஆங்கிலச் சுற்றுகள் குறைவு. முழு நாளின் அச்சாணி இந்த நேரம்தான். அதனால்தான் ரயிலுக்கும் முன்பாக இதை வைத்திருக்கிறேன். சுற்றுலா அலுவலக இணையதளத்தில் உங்கள் தேதிக்கு ஆங்கிலச் சுற்று எத்தனை மணிக்கு என்று பார்த்து, இருக்கைக்குப் பணம் கட்டிவிடுங்கள். காலை 11 மணியை ஒட்டிய சுற்று கிடைத்தால் விடாதீர்கள். மதிய உணவுக்கு முன் முடிந்துவிடும். ரயில் சற்றுத் தாமதித்தாலும் சமாளிக்கலாம்.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, தேவாலயத்தையும் மணிக்கோபுரத்தையும் ஒன்றாக நினைப்பது. 68 மீட்டர் உயரமுள்ள கோபுரம் அந்தப் பாறையின் தலைமீது கட்டப்பட்டது. அதற்குத் தனி நுழைவு, தனிக் கட்டணம். கோபுரத்தில் ஏறிவிட்டு, எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். காலடியில் ஒரு தேவாலயம் இருந்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

உள்ளே போனதும் தூண்களைப் பாருங்கள். சிலவற்றை உலோகப் பட்டைகள் இறுக்கிப் பிடித்திருக்கும். ஈரத்தால் பலவீனமான கல், மேலிருக்கும் கோபுரத்தின் எடையைத் தாங்குவதற்காகப் போட்ட கட்டு அது. குழந்தைகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

4. ஒரே ஒரு ஷாத்தோ, அதுவும் நடந்து போகும் தூரத்தில்

ஒரு நாளில் மூன்று தோட்டங்கள் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். இரண்டாவது தோட்டத்திலேயே காது கேட்பதை நிறுத்திவிடும், நாக்கும் களைத்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒன்றை நிதானமாகப் பாருங்கள். இரண்டு நாள் தங்கினால் இரண்டு.

தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முகவரியை நம்பாதீர்கள், வரைபடத்தில் தூரத்தை அளந்து பாருங்கள். புகழ்பெற்ற ஷெவால் பிளான், ஃபிஜாக் ஆகியவற்றின் முகவரியிலும் சேன்ட் எமிலியோன் என்றுதான் இருக்கும். ஆனால் அவை ஊரிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, பக்கத்து ஒயின் வட்டாரமான பொமெரோலின் எல்லையை ஒட்டி இருக்கின்றன. கார் இல்லாதவர்கள் ஊர் மதிலை ஒட்டிய தோட்டங்களைப் பாருங்கள். க்ளோ ஃபூர்தே, பழைய கொலேஜியால் தேவாலயத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. வில்மொரீன் கிழக்கு விளிம்பில். இரண்டிலும் நிலத்துக்கு அடியில் பழைய கல்குவாரி நிலவறைகள் உண்டு. இந்த ஊரின் ஒயினுக்கும் பாறைக்கும் உள்ள உறவு அங்கே கண்முன் தெரியும்: மேலே கொடி, நடுவே சுண்ணாம்புக் கல், அடியில் பீப்பாய்.

பதிவு செய்யும்போது மூன்று செய்திகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள்: எத்தனை பேர், எந்த மொழி, யாரேனும் மது அருந்தாதவர்களா. மூன்றாவதைச் சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் தேவையில்லை. ஒரு சொட்டும் தொடாமல் முழுச் சுற்றையும் ரசித்தவர்களை நானே அழைத்துப் போயிருக்கிறேன். முன்கூட்டிச் சொன்னால் திராட்சைச் சாறு வைக்கும் இடங்களும் உண்டு.

நேரத்தைப் பிற்பகல் 2.30 அல்லது 3 மணிக்கு வையுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு சுவைத்தால் தலை சுற்றும். மீதி நாள் வீணாகும். குறித்த நேரத்துக்கு 10 நிமிடம் முன்பே வாசலில் நில்லுங்கள். ஒருமுறை நாங்கள் 20 நிமிடம் தாமதமாகப் போனோம். சுற்று தொடங்கிவிட்டது, மன்னிக்கவும் என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தவறு எங்களுடையது. மனைவியின் பெரியம்மாவுக்கு அதன்பின் இன்னொரு முறை அங்கே போக வாய்க்கவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

5. இப்போது ரயில்

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோ சேன் ஜான் நிலையத்துக்கு அதிவேக ரயிலில் 2 மணி நேரத்துக்குச் சற்று மேல். இதன் கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும். தேவாலயமும் தோட்டமும் உறுதியான அன்றே வாங்கிவிடுங்கள். போர்தோவிலிருந்து சேன்ட் எமிலியோனுக்கு வட்டார ரயில், ஏறத்தாழ 35 நிமிடம். அதற்கு முன்பதிவு பற்றிய பதற்றம் வேண்டாம். கவனிக்க வேண்டியது கால அட்டவணையை மட்டும்: நாளுக்குச் சில ரயில்கள்தான், நடுவே நீண்ட இடைவெளிகள். வார இறுதியில் அட்டவணை மாறும்.

ஆகவே திரும்பும் ரயிலை முதலில் தேர்ந்தெடுங்கள். போகும் ரயிலைத் தவறவிட்டால் ஒரு காலைதான் போகும். திரும்பும் ரயிலைத் தவறவிட்டால் இருட்டில் வாடகைக் கார் தேட வேண்டும். கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலைத் திட்டத்தில் வையுங்கள். கடைசி ரயில் ஆபத்துக்கு உதவட்டும். டிக்கெட்டையும் இரு வழிக்கும் கைப்பேசியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது மிகச் சிறிய நிலையம்; அங்கே டிக்கெட் கொடுக்க ஆள் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள்.

அறிவிப்பில் ஊர்ப் பெயர் இரண்டு சொல்லாகக் கேட்காது. 'சேந்தெமிலியோன்' என்று ஒரே மூச்சில் வரும். லிபூர்ன் நிலையம் தாண்டியதும் எழுந்து தயாராகிவிடுங்கள், அடுத்த சில நிமிடங்களில் இறங்க வேண்டும்.

நிலையத்திலிருந்து ஊருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர், 20 முதல் 25 நிமிட நடை. வாசலில் ஆட்டோவோ டாக்சியோ காத்திருக்காது. பெரியவர்கள் உடன் வந்தால் லிபூர்னில் இறங்கி, முன்பே சொல்லிவைத்த டாக்சியில் வருவது நல்லது. நடப்பவர்கள் சாலையின் இடது ஓரமாகப் போங்கள். பிரான்சில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும்; இடது ஓரத்தில் நடந்தால் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்.

இருபுறமும் கொடி வரிசைகள் இடுப்பளவு உயரத்தில் நிற்கும். வேலியே இருக்காது. செப்டம்பரில் கருநீலக் கொத்துகள் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். பறிக்காதீர்கள். ஒவ்வொரு வரிசையும் ஒருவருடைய பிழைப்பு. தவிர, மருந்து தெளித்திருக்கவும் கூடும். வரிசை முனையில் ரோஜாச் செடி வைத்திருந்தால் நின்று பாருங்கள். பூஞ்சை நோய் ரோஜாவில் முதலில் தெரியும் என்பதால் காவலுக்கு வைத்த பழக்கம் அது.

6. தங்குமிடம்

ஊருக்குள் தங்கினால் மாலையில் பேருந்துக் கூட்டம் போன பிறகு தெருக்கள் உங்களுடையவை. ஆனால் விலை அதிகம். போர்தோவில் தங்கினால் மலிவு, உணவுக்கும் வழி அதிகம். முதல்முறை வருபவர்களுக்கு, குழந்தைகளோடு வருபவர்களுக்கு, நான் போர்தோவையே சொல்வேன்.

எச்சரிக்கை ஒன்று. மோந்தாஞ், லுசாக், பூய்செகேன், சேன் ஜோர்ஜ் ஆகிய பக்கத்து ஊர்களின் ஒயின் பெயர்களின் முடிவிலும் 'சேன்ட் எமிலியோன்' ஒட்டிக்கொண்டிருக்கும். விடுதித் தளங்களில் அந்தப் பெயரைப் பார்த்து அறை எடுத்துவிட்டு, இரவு வயல் நடுவே பெட்டியோடு நின்றவர்கள் உண்டு. பணம் கட்டுமுன் வரைபடத்தில் அறைக்கும் மணிக்கோபுரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள்.

7. மதிய உணவுக்கு மேசை

நண்பகல் 12 முதல் 2 வரைதான் சாப்பாடு. 1.45க்கு வாசலில் போய் நின்றால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். 12.15க்கு மேசை பதிவு செய்யுங்கள். 11 மணித் தேவாலயச் சுற்றுக்கு அது ஒத்துப்போகும்.

சைவம் உண்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்த வட்டாரம் வாத்து, மாட்டிறைச்சி, விலாங்கு போன்ற லாம்ப்ரே மீன் ஆகியவற்றில் ஊறியது. 'சாலட்' என்று எழுதியிருந்தாலும் மேலே வாத்தின் இரைப்பைத் துண்டுகளோ பன்றிக் கொழுப்போ தூவியிருக்கலாம். 'சான் வியாந்த், சான் புவாசோன்' என்று சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். சூடான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி சாலட், ஆம்லெட் ஆகியவை பெரும்பாலும் கிடைக்கும். 'கராஃப் தோ' என்று கேட்டால் குடிநீர் ஜாடியில் இலவசமாக வரும். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும்.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் சொல் 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் நேரே விலை கேட்டால், நம் ஊரில் செருப்போடு கூடத்துக்குள் நுழைந்ததுபோல் முகம் மாறும்.

8. காலணி, சால்வை

ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. மேல் ஊரையும் கீழ் ஊரையும் இணைக்கும் செங்குத்தான தெருக்களைத் 'தேர்த்ர்' என்கிறார்கள். உருண்டைக் கற்கள் பதித்தவை; நூற்றாண்டுகளாகப் பலர் நடந்து வழுவழுப்பானவை. தூறல் விழுந்தால் சோப்புத் தடவியதுபோல் இருக்கும். ரப்பர் அடியுள்ள, பின்புறம் மூடிய காலணி அணியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் சற்றுச் சுற்றிச் செல்லும் தார்ச்சாலையைப் பயன்படுத்துவது நல்லது. இறக்கம்தான் ஏற்றத்தைவிடத் தொல்லை தரும்.

நிலவறைகளில் கோடையிலும் குளிர் இருக்கும். வெளியே 32 டிகிரி, உள்ளே திடீரென்று 13 அல்லது 14. வியர்த்த உடம்போடு இறங்கிச் சளி பிடித்துக்கொள்ளாமல், கைப்பையில் ஒரு சால்வை வைத்திருங்கள்.

வாசனைத் திரவியம் போடாதீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, உடன் நிற்கும் அனைவருக்கும் ஒயினின் மணம் அதில் அமுங்கிவிடும்.

9. அந்த நாளின் ஓட்டம்

காலை 10 மணிக்குள் நிலையத்தில் இறங்குங்கள். நடந்து வந்து, மேல் ஊரில் பிளாஸ் தே க்ரெனோ சதுக்கத்தில் உள்ள சுற்றுலா அலுவலகத்தில் நுழைவுச் சீட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அருகிலேயே கொலேஜியால் தேவாலயத்தின் உள்முற்றம் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தை அங்கே கழிக்கலாம்.

11 மணிக்குப் பாறைத் தேவாலயம். 12.15க்கு உணவு. சாப்பிட்டதும் கோபுரம் ஏறாதீர்கள். ஒயின் தயாரிப்பாளர் மன்றத்தின் 'மேசோன் தியு வென்' என்ற ஒயின் இல்லத்துக்குப் போங்கள், சுற்றுலா அலுவலகத்துக்குப் பக்கம்தான். ஒயினில் வரும் மணங்களைத் தனித்தனியாக முகர்ந்து பழகலாம். தோட்டத்துக்குப் போகுமுன் மூக்குக்கு அது நல்ல பயிற்சி.

2.30 அல்லது 3 மணிக்கு ஷாத்தோ. 4.30க்கு மேல் வெளிச்சம் சாய்ந்து கூரை ஓடுகள் நிறம் மாறும்போது உயரத்திலிருந்து பாருங்கள். மணிக்கோபுரத்துக்கு ஏறத்தாழ 200 படி. 'தூர் தியு ருவா' என்னும் சதுரக் கோபுரத்துக்கு 118. ஒன்று போதும் என்றால் நான் இரண்டாவதைச் சொல்வேன். படி குறைவு, மணிக்கோபுரமும் அங்கிருந்து காட்சிக்குள் வரும்.

10. சுவைக்கும்போது

கிண்ணத்தைத் தண்டில் பிடியுங்கள். கைச்சூடு ஒயினுக்கு ஆகாது. ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள், சுழற்றி மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பதுதான் பாதிச் சுவை. பிறகு ஒரு சிறு மடக்கு, உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் பரப்புங்கள். ஈறுகளில் பாக்கு மென்றதுபோல் ஒரு துவர்ப்புப் பிடிக்கும். இளம் ஒயினில் அது முரடாக இருக்கும், வயதானதில் பட்டாக இறங்கும்.

மேசையில் ஒரு வாளி இருக்கும், பெயர் 'க்ராஷ்வார்'. துப்புவதற்காகவே வைத்தது. கொடுத்ததைத் துப்புவது மரியாதைக் குறைவு என்று நினைத்து நம்மவர்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறார்கள். ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். அதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. கார் ஓட்டுபவர் கட்டாயம் துப்ப வேண்டும். பிரான்சில் இரத்தத்தில் மதுவின் எல்லை லிட்டருக்கு 0.5 கிராம், புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2. சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது இல்லை.

11. பாட்டில் வாங்குவது

'சேன்ட் எமிலியோன் கிரான் க்ரூ' என்று முகப்பில் பார்த்ததும் முதல்தரம் என்று எண்ணிப் பணம் கொடுக்காதீர்கள். அது எந்த வட்டாரத்தில், எந்த விதிப்படி தயாரித்தது என்பதைக் காட்டும் பெயர் மட்டும். நூற்றுக்கணக்கான தோட்டங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. தர வரிசையில் இடம் பெற்றவற்றில் 'க்ளாசே' என்ற சொல் கூடுதலாக இருக்கும். 2022 பட்டியலில் அப்படி 85 தோட்டங்கள்: 'கிரான் க்ரூ க்ளாசே' 71, அதற்கு மேலே 'பிரிமியே' 14, அந்த 14இல் உச்சநிலையில் இருப்பவை பாவி, ஃபிஜாக் இரண்டும்தான். ஷெவால் பிளான், ஓசோன், ஆன்ஜெலுஸ் ஆகியவை தாங்களாகவே விலகிக்கொண்டதால் பட்டியலில் இல்லை. அந்தச் சொல் இல்லாத பாட்டில்களிலும் நல்லவை நிறைய. பிடித்ததா என்று நாக்கைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்கையும் முன்பே போடுங்கள். இந்தியாவுக்குத் தீர்வையின்றி ஒருவர் 2 லிட்டர் மது கொண்டுபோகலாம். ஒரு பாட்டில் 750 மில்லி. ஆக இரண்டுதான் அடங்கும். மூன்றாவது எல்லை மீறும். பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் அனுமதி இல்லை என்பதால் பாட்டில்கள் பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். ஒவ்வொன்றையும் நெகிழிப் பையில் கட்டி, இரண்டு ஜோடி தடித்த துணிகளால் சுற்றி, பெட்டியின் ஓரத்தைத் தொடாமல் நடுவில் வையுங்கள்.

மது வேண்டாத வீடுகளுக்கு இந்த ஊர் மக்கரோன் எடுத்துப் போகலாம். பாரிஸ் கடைகளின் வண்ண மக்கரோன் அல்ல இது. பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மட்டும் சேர்த்த, வெடிப்பு விழுந்த பழுப்பு வட்டம். சுட்ட காகிதத்தோடு ஒட்டியபடியே பெட்டியில் வரும். முட்டை இருப்பதை வாங்குபவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஈரம் பட்டால் நமுத்துவிடும் என்பதால் ஊரைவிட்டுக் கிளம்பும்போது கடைசியாக வாங்குங்கள். ரயிலுக்கு 40 நிமிடம் முன்பு நடக்கத் தொடங்கினால், கடையில் நிற்கும் நேரமும் சேர்ந்து சரியாக இருக்கும்.